இடிக்குப் பிடுங்கிய ஒயர்

ஏற்காட்டில் பிறந்தவர்களுக்கு இடி முழுதாகக் காதில் விழுவதற்குள் கை பிளக்கில் இருக்கும். டிவியோ ஃபிரிட்ஜோ மோட்டாரோ, எது மாட்டியிருந்தாலும் சரி, தூரத்தில் ஒரு உறுமல் கேட்டால் போதும், ஊரே எழுந்து ஒயரைப் பிடுங்கும். அபிஷா பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு வந்தவள்தான். மின்னலைத் தாங்கத் தனியாகப் பெட்டி இருக்கிறது, எர்த் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று அடுத்தவர்களுக்கு வகுப்பெடுப்பவள்தான். ஆனாலும் போன வாரம் காபிப் பூ மழை இடியோடு வந்தபோது, படித்த படிப்பெல்லாம் ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க, அவள் கை தன் பாட்டுக்கு ஓடிப்போய் நெட் பெட்டிகள் அடுக்கிய ரேக்கில் இருந்த அத்தனை ஒயரையும் பிடுங்கிப் போட்டது.

மழைக்கு எஸ்டேட்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்த மழைக்குத்தான் காபி நன்றாகப் பிடிக்கும். அபிஷாவுக்கு மட்டும் தலைவலி பிடித்தது.

அவள் நடத்துவது ஒரு வேலைக்கூடம். சும்மா பூட்டிக் கிடந்த காபி கோடவுன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, வரிசையாக மேஜை போட்டு, லேப்டாப்போடு வருகிறவர்கள் உட்கார்ந்து வேலை செய்ய இடம் கொடுத்தாள். வாசலில் அவள் மாட்டியிருந்த ஆங்கிலப் பெயரை ஊர் மதிக்கவே இல்லை. எல்லோருக்கும் அது 'நெட்டு கோடவுன்'தான். உள்ளே ஒரு மூலையில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில், அவளுடைய பெருமையெல்லாம் ரேக் மேல் அடுக்கி இருந்தது. மூன்று ஸ்விட்ச்சுகள். லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் வருகிற ஒயர்கள் வந்து சேரும், முன்பக்கம் நெடுக ஓட்டை வைத்த தட்டையான பெட்டிகள். மூன்றையும் பின்பக்கம் தடிமனான கேபிள்களால் ஒன்றோடொன்று கோத்து, மூன்றும் ஒரே பெட்டியாக நடந்துகொள்ளும்படி செய்திருந்தாள். இதற்குப் பெயர் ஸ்டேக்கிங். ஆள் வைக்காமல் தன் கையாலேயே செய்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் இந்தக் கதை அவளுடைய தலைக்கனத்தைப் பற்றியது இல்லை, அவள் புருஷனைப் பற்றியது.

கிறிஸ்டோவுக்குச் சொந்த ஊர் சேலம், வேலை பெங்களூரில். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வீடியோ வழியே பயிற்சி கொடுக்கிற வேலை. அபிஷா மலைக்கு வந்து கோடவுனை எடுத்ததிலிருந்து இரண்டு வருஷமாக அவன் சனிக்கிழமைப் புருஷன். காலையில் வந்து இறங்குவான், மறுநாள் பூசைக்குப் போவான், சாப்பிடுவான், சாயங்காலம் சேலம் பஸ் ஏறிவிடுவான். பஸ் முதல் வளைவில் திரும்பும்வரை அபிஷா நின்று கையாட்டுவாள். பிறகு வீட்டுக்கு வந்து, தேவையே இல்லாமல் எதையாவது தேய்த்துக் கழுவுவாள்.

இந்த ஏப்ரலில்தான் அவன் கம்பெனி இறங்கி வந்தது. ஒரு மாதம் மலையிலிருந்தே வேலை செய்து காட்டட்டும், பார்க்கலாம் என்றார்கள். கடைசி வெள்ளிக்கிழமை அவனுடைய மேலாளர் ஜீவா வகுப்பில் கூடவே உட்கார்ந்து கவனிப்பார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கிறிஸ்டோ இங்கேயே இருக்கலாம். குரல் விட்டு விட்டுக் கேட்டால் திங்கட்கிழமை பெங்களூர் ஆபீசில் ஆஜராக வேண்டும். முதல் மூன்று வாரம் தேனாகப் போனது. அப்புறம் அந்த இடி வந்தது.

இடிக்கு மறுநாளிலிருந்து ஒரே மாதிரி சீக்கு. காலையில் கோடவுனில் ஆள் இல்லாதபோது நெட் குதிரையாக ஓடும். ஒவ்வொருவராக வந்து மேஜைகள் நிறைய நிறைய, கிறிஸ்டோவின் வகுப்பு உடைந்து உடைந்து விழும். அவன் பேசினால் மாணவர்களின் குரல் மறையும், மாணவர்கள் பேசினால் அவன் முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நிற்கும். மாரமங்கலத்து மாதேஸ்வரன், வீடியோவில் மிளகைக் கையால் அள்ளிக் காட்டி வெளியூர் ஆட்களுக்கு விற்கிறவர், நேராக அபிஷாவிடம் வந்து நின்றார்.

"ஏன் அம்மணி, நான் பேசுனா அவனுக்கு உழுகறதில்ல, அவன் பேசுனா எனக்கு உழுகறதில்ல. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அலோ அலோன்னுட்டே இருக்கறம். மொளகு எப்ப விக்கறது?"

"பாத்துட்டே இருக்கறனுங்க. நாளைக்குள்ள சரியாயிரும்."

இதையே அவள் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டால், எங்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள். காலையில் வேகத்தை அளந்தால் சரியாகவே காட்டியது. ஸ்விட்ச்சில் விளக்குகள் அத்தனையும் பச்சையாகக் கண் சிமிட்டின. பச்சை விளக்கைப் பார்த்து இவ்வளவு எரிச்சல் பட்டவள் ஏற்காட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதைவிட எரிச்சல் கிறிஸ்டோ. வகுப்பு நடுவில் அறுந்து போனால் வேறொருவன் மேஜையைக் குத்துவான். இவன் எழுந்து வந்து, டீ போடுகிற ராசாத்தியிடம் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பான்.

"மறுபடி போயிருச்சுங்களா?" என்று அபிஷா பதறினால், "பரவால்ல உடு அபி" என்பான்.

பரவாயில்லையாம். எது பரவாயில்லை? திங்கட்கிழமை பஸ் ஏறுவதா? புதன்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவன் மெல்லப் பாட்டு வேறு முனகினான். இவருக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லையோ, நெட் போவதே இவருக்கு நல்ல சாக்காகிவிட்டதோ என்று அபிஷாவுக்கு ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்? அவள் கேட்கவில்லை. ஸ்விட்ச்சைச் சரிசெய்வது இதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

வியாழக்கிழமை மத்தியானம் ரேக் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லேப்டாப்பை மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். பின்பக்கக் கேபிள்கள் சேர்ந்து உண்டாக்கும் வளையத்தின் நிலையைக் கேட்டதும் திரையில் 'ஹாஃப்', அதாவது பாதி, என்று வந்தது. சீக்கு பிடிபட்டது என்று அவளுக்கு ஒரே குஷி. குனிந்து ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்குக் கேபிள் இருந்தது, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் இருந்தது. மூன்றாவதிலிருந்து மேலே ஏறி மறுபடி முதல் பெட்டிக்கே வர வேண்டிய நீளக் கேபிளைக் காணோம்.

அந்தக் கேபிள் இருந்தால்தான் வளையம் முழுசாகும். ஒயரில் போகிற நெட் சரக்கு இந்தப் பக்கமாகவும் சுற்றும், அந்தப் பக்கமாகவும் சுற்றும். இல்லாவிட்டால் பெட்டிகள் மூன்றும் வேலை செய்யும், பாதை மட்டும் பாதியாகிவிடும்.

"ஏனுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கோடவுனே திரும்பிப் பார்த்தது. கிறிஸ்டோ வந்து எட்டிப் பார்த்தான்.

"அன்னைக்கு இடி ஓஞ்சதும் ஒயரெல்லாம் திருப்பி மாட்டுனது நீங்கதானுங்க?"

"ஆமா. நீ ராசாத்தியக் கொண்டுபோயி தலைச்சோலைல உடறேன்னு வண்டி எடுத்துட்டுப் போயிட்ட. நான்தான் மாட்டுனேன். ஏன்?"

"பின்னாடி ஒரு நீளக் கேபிள் இருந்திருக்கோணுமே?"

"அதுவா, அத மாட்டலயே. பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நல்ல பிள்ளைக் களை. "கீழ்ப் பெட்டில புறப்பட்டு மேல் பெட்டிக்கே வருது. பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்ற ஒயரு இந்தக் கோடவுனுக்குள்ள இருக்கவே கூடாதுன்னு நீதான அன்னைக்கு எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்ன?"

சொன்னாள்தான். திறந்த புதிதில் ராசாத்தி, ஒயர் சும்மா தொங்குகிறதே என்று அதன் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சின் முன்பக்கத்தில் செருகிவிட்டாள். போன சரக்கே சுற்றிச் சுற்றி வந்து மொத்தக் கூடமும் மூச்சு முட்டி நின்றது. அன்றைக்கு அபிஷா ஆடிய ஆட்டத்தில், வளையம் என்றாலே கோடவுனில் எல்லோருக்கும் ஒரு நடுக்கம் வந்துவிட்டது. முன்பக்கம் வளையம் விழுந்தால் விஷம், பின்பக்கத்துக் கேபிளுக்கு அந்த வளையமே உயிர் என்று பிறகு யாருக்கும் அவள் சொல்லவும் இல்லை.

"அது வேற, இது வேறங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்ன ஒன்றை இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷனை எப்படித் திட்டுவது?

கேபிளை மாட்டினாள். திரையில் 'ஃபுல்' என்று வந்தது. ராசாத்தியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ என்றாள். டீ வந்து சேர்வதற்குள் மாதேஸ்வரனின் மேஜையிலிருந்து "அலோ… அலோ…" கேட்டது. கிறிஸ்டோ வகுப்பெடுக்கிற கண்ணாடி அறையில் அவன் முகம் திரையில் உறைந்து நின்றது.

அபிஷாவுக்கு உறைத்தது அப்போதுதான். ஸ்டேக்கின் பாதை பாதியாக இருந்தாலும், அது வெளியிலிருந்து வருகிற லைனைவிடப் பல மடங்கு அகலம். வீட்டுக்குள் நடையை அகலமாக்கிவிட்டு, வாசல் ஏன் நெருக்குகிறது என்று கேட்ட கதைதான். அந்த 'ஹாஃப்' உண்மையான தப்புதான், ஆனால் இந்தச் சீக்குக்குக் காரணம் அது இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. கிறிஸ்டோ அவள் தோளைத் தட்டி, "பரவால்ல உடு" என்றான். கையைத் தட்டிவிட்டாள்.

"எதுக்கெடுத்தாலும் பரவால்ல பரவால்லன்னா என்னங்க அர்த்தம்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் நடந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜீவாவின் வகுப்பு. கூட்டம் சேராமல் இருந்தால் ஒழுங்காக நடக்குமே என்று கோடவுனுக்கே லீவு விடலாமா என்று கூட அபிஷா யோசித்தாள். ஒரு நாள் ஏமாற்றி என்ன செய்வது, வருகிற மாதம் முழுக்க லீவு விட முடியுமா? கதவைத் திறந்து வைத்தாள். வழக்கம்போல மேஜைகள் நிறைந்தன. கிறிஸ்டோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் கண்ணாடி அறைக்குள் போனான். போகிறபோது அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு பதட்டமும் இல்லை.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் கையை ஆட்டி ஆட்டி "கேக்குதுங்களா?" என்று கேட்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அபிஷா ரேக் அறைக்கு ஓடினாள். இந்தத் தடவை ஸ்டேக்கை விட்டுவிட்டு, வெளி லைன் வந்து சேருகிற ஓட்டையின் நிலையை மட்டும் கேட்டாள். அதில், போகிற சரக்கும் வருகிற சரக்கும் முட்டிக்கொள்கிற மோதல் கணக்கு அவள் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே, சின்ன எழுத்தில், இன்னொரு 'ஹாஃப்'. இந்த 'ஹாஃப்' டூப்ளெக்ஸில்.

டூப்ளெக்ஸ் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒயரில் ஒரே சமயத்தில் போகவும் வரவும் முடிந்தால் ஃபுல். ஒன்று போகும்போது மற்றது நின்று வழிவிட்டால் ஹாஃப். இரண்டு பெட்டிகளை ஒயரால் சேர்த்ததும், நான் இப்படி, நீ எப்படி என்று இரண்டும் கேட்டுக்கொண்டு ஒத்துப் போய்விடும். ஒரு பக்கத்துப் பெட்டியை 'ஃபுல்' என்று யாராவது பூட்டி வைத்திருந்தால்தான் வம்பு. பூட்டிய பெட்டி முடிவெடுத்துவிட்ட பெட்டி, அதனால் யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்ளாது. எதிர்ப்பெட்டி கேட்டுப் பார்க்கும், பதில் வராது. பதில் வராவிட்டால் ஹாஃப் என்றே வைத்துக்கொள்வது அதன் வழக்கம். அப்புறம் எஸ்டேட் பாதையில் நடக்கிற கூத்துதான். ஒரு ஜீப்காரன் பாதை இருவழி என்று நம்பி நிற்காமல் வருவான், எதிரே வருகிறவன் ஒரு வண்டிக்குத்தான் இடம் என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கி வருவான். வண்டி ரெண்டே ரெண்டு என்றால் எப்படியோ தப்பிக்கலாம். நாலு வண்டி சேர்ந்தால் முட்டல்தான்.

லைன் கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டி அப்படிப் பூட்டிய பெட்டி. அதற்குத் தோதாக ஸ்விட்ச்சின் கடைசி ஓட்டையையும் 'ஃபுல்' என்று ஆரம்பத்திலேயே பூட்டி, ஒயரை அதில் மாட்டியிருந்தாள் அபிஷா. இப்போது ஒயர் இருந்தது முதல் ஓட்டையில். செருப்பைக் கூட ஜோடி பிசகாமல் விடுகிற அவள் புருஷன், முதல் ஓட்டை காலியாக இருக்கக் கடைசியில் எதற்கு என்று, வரிசையாக முதலிலிருந்து மாட்டியிருக்கிறான்.

ஒயரைப் பிடுங்கிக் கடைசி ஓட்டையில் மாட்டினால் தீர்ந்தது. ஆனால் பிடுங்கினால் மொத்தக் கூடத்துக்கும் அரை நிமிஷம் லைன் போய்விடும். ஜீவா பார்த்துக்கொண்டிருக்கிற வகுப்பும் அதோடு அறுந்து விழும். விட்டால் இப்படியே உடைந்து உடைந்து நாறும்.

கண்ணாடி அறை முன்னால் போய் நின்று, கையால் பிடுங்குகிற மாதிரி காட்டினாள். கிறிஸ்டோ பார்த்தான். திரையைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, பிடுங்கு பிடுங்கு என்று கையை வீசினான், ஏதோ தோட்டத்தில் களை பிடுங்கச் சொல்கிற மாதிரி. மனுஷனுக்கு ஒரு பயம் வேண்டாமா?

"ஏசப்பா" என்று சொல்லிப் பிடுங்கினாள். கோடவுன் முழுக்க ஒரே சலசலப்பு. "ஏன் அம்மணீ…" என்று மாதேஸ்வரன் எழுந்தார். கடைசி ஓட்டையில் செருகினாள். விளக்கு மஞ்சளாகவே நின்று அவள் உயிரை வாங்கியது, பிறகு பச்சைக்கு வந்தது. திரையில் இரண்டு பக்கமும் ஃபுல். மோதல் கணக்கு ஏறாமல் அப்படியே நின்றது.

"அலோ" என்றார் மாதேஸ்வரன். ஒரே ஒரு அலோதான். அடுத்த நிமிஷம் அவர் மிளகின் காரத்தைப் பற்றிப் பேச, எதிராளி நடுவில் புகுந்து விலை கேட்க, இவர் அதற்கு மேல் குரலை உயர்த்த, இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை. அபிஷாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏனுங்க்கா, சார் கிளாசு நல்லா போகுதாட்டம் இருக்குது" என்று ராசாத்தி இரண்டு டம்ளரைக் கையில் கொடுத்தாள். "போயிக் குடுங்க. மொகம் தெளிஞ்சுதா பாருங்க."

அபிஷா போனபோது மாணவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். ஜீவாவின் குரல் மட்டும் ஸ்பீக்கரில் கணீரென்று வந்துகொண்டிருந்தது. அவள் கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"கிளாஸ் பிரமாதம், கிறிஸ்டோ. நடுவுல ஒரு தடவை போச்சே, அதுக்கப்புறம் பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி இருந்துச்சு. நீங்க அங்கேயே இருங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. அப்ப செவ்வாய்க்கிழமை நீங்க சொன்னதை நான் மறந்துடலாமா?"

"மறந்துடுங்க சார்."

"இல்ல, வேலையையே விடறேன்னு சொன்னீங்களே. அன்னைக்கு லைன் வேற விட்டு விட்டுக் கேட்டுச்சு. 'மலையை விட்டு வர மாட்டேன்'ங்கறது மட்டும் தெளிவா விழுந்துச்சு."

"இங்கிருந்தே செய்யலாம்னா நான் ஏன் சார் விடறேன்" என்று கிறிஸ்டோ சிரித்தான்.

அழைப்பு முடிந்து அவன் திரும்பியபோது, அபிஷா இரண்டு கையிலும் டம்ளரோடு கதவிலேயே நின்றிருந்தாள். டீ தளும்பிக் கையில் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"செவ்வாக்கெழமையேவா?"

"ம்."

"நெட்டு சரியாகாட்டி வேலைய உட்டுப்போடறதுன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலயா? மூணு நாளா நான் அந்த ரூமுக்குள்ள செத்துட்டு இருக்கறேன். நீங்க பாட்டுப் பாடிட்டுப் பாத்திரம் கழுவுறீங்க. பரவால்ல உடு, பரவால்ல உடுன்னா, நீங்க போறதுக்குத் தயாராயிட்டீங்கன்னு நான் நெனச்சுட்டேன்."

கிறிஸ்டோ நிஜமாகவே திகைத்துப் போனான். "நெட்டு போனா பரவால்லன்னு தான அபி சொன்னேன்? நான் போகப் போறதில்லைன்னு உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

"சொல்லாம எப்புடிங்க தெரியும்?"

அவன் டம்ளர்களை அவள் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தான். எப்போதும்போல ஓரம் பார்த்து, நேராக வைத்தான். பிறகு வழக்கமில்லாத வழக்கமாக நீளமாகப் பேசினான்.

"ஞாயித்துக்கெழமை ராத்திரி பெங்களூருல எறங்கி, அந்த ரூமுக் கதவத் தெறப்பேன் பாரு. உள்ள ரெண்டு நாளு அடைச்ச வாசம் அடிக்கும். லைட்டக்கூடப் போடத் தோணாது. ரெண்டு வருசமாத் தெறந்தாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது அபி. வேலை போனா வேற பாத்துக்கலாம்னு தான் சொல்லிப்போட்டேன்."

திட்ட வந்த அபிஷாவுக்கு அழுகைதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் உட்பட மொத்தக் கோடவுனும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் அவன் சட்டையில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.